உள்வீட்டுப் புகைச்சலும் அண்டை நாட்டுப் பகையும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடியற்காலை நாலு மணிக்கு ஜோகூர் பாருவின் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங், கூலாய் என்று எல்லாத் திசையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் கடற்பாலத்தை நோக்கி ஓடுகின்றன. முதுகில் ஒரு பை. பைக்குள் சோற்றுப் பொட்டலமும் கடப்பிதழும். ஒரு கிலோ மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். கொரோனாவுக்கு முன் ஒரு நாளைக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை மக்கள் அந்த எல்லையைக் கடந்தார்கள். அவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சநஞ்சம் பேர் அல்லர்.

அதே பாலத்தின் ஓரமாகத் தண்ணீர்க் குழாய்களும் போகின்றன. ஜோகூர் நதியின் நீர் தெற்கே போகிறது. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி வடக்கே திரும்பி வருகிறது. உழைப்பும் தண்ணீரும் உறவும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிற இரண்டு நாடுகளுக்கிடையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏன் சண்டை மூளுகிறது? தண்ணீர் விலை, தீவு, பாலம், ரயில் நிலையம், ஆகாய எல்லை என்று பொருள் மாறிக்கொண்டே இருக்கிறதே தவிர, சண்டை ஓய்வதில்லையே?

பதிலைத் தேடி ஜோகூர் நீரிணையை எட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அந்தந்த நேரத்தில் உள்வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சண்டையின் தேதியையும் உள்நாட்டு அரசியலின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

லாபிஸில் இறங்கிய குடைகள்

முதலில், சந்தேகத்துக்கே இடமில்லாத ஓர் எடுத்துக்காட்டு. இதுவும் ஜோகூர் மண்ணில் நடந்ததுதான்.

1964 ஆகஸ்டு 17. இந்தோனேசியாவின் சுதந்திர நாள். அன்று ஏறக்குறைய நூறு பேர் கொண்ட ஆயுதப் படை கடல் வழியாக வந்து பொந்தியான் கரையில் இறங்கியது. இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில், லாபிஸ் பக்கம் வானத்திலிருந்து குடை வீரர்கள் குதித்தார்கள். ரப்பர்த் தோட்டங்களும் காடும் சூழ்ந்த ஊர் அது. பால் மரம் வெட்டப் போகிறவர்கள் நடமாடும் பூமியில் அந்நிய நாட்டுப் படை வந்து நின்றது. வந்தவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள்.

சுகார்னோ இதற்குச் சொன்ன காரணம், மலேசியா காலனி ஆதிக்கத்தின் சூழ்ச்சி என்பது. அந்த நம்பிக்கை அவருக்கு உண்மையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் ஜகார்த்தாவில் அப்போது நிலைமை என்ன? ஒரு பக்கம் ராணுவம், மறுபக்கம் சீனாவுக்கும் சோவியத்துக்கும் அடுத்தபடியாக உலகிலேயே பெரிய கம்யூனிஸ்டு கட்சி. இரண்டுக்கும் நடுவே சுகார்னோ தராசு பிடித்துக்கொண்டிருந்தார். விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. இரு தரப்பையும் ஒரே திசையில் பார்க்க வைக்க வெளியே ஓர் எதிரி தேவைப்பட்டான்.

எப்படி முடிந்தது என்பதுதான் முக்கியம். 1965 செப்டம்பர் 30 கலவரத்துக்குப் பிறகு சுகார்னோவின் பிடி தளர்ந்தது. 1966 மார்ச்சில் அதிகாரம் சுகார்த்தோவின் கைக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி மலேசியாவோடு சமாதான உடன்படிக்கை. மறு ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி இரு நாடும் ஆசியானில் ஒன்றாக உட்கார்ந்தன. எல்லைக் கோடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நகர்ந்தது ஜகார்த்தாவின் நாற்காலி. அது நகர்ந்ததும் பகையும் நகர்ந்து போய்விட்டது.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி

மலேசியா - சிங்கப்பூர் கதை இன்னும் சிக்கலானது. இங்கே பகை தொடங்கியபோது இருவரும் ஒரே நாட்டில் இருந்தார்கள்.

1963 செப்டம்பர் 16-ஆம் தேதி மலேசியா பிறந்தது. ஐந்தே நாளில், 21-ஆம் தேதி, சிங்கப்பூரில் தேர்தல். அம்னோ சார்ந்த அணி, மலாய்க்காரர் மிகுந்த தொகுதிகளைக்கூட மக்கள் செயல் கட்சியிடம் இழந்தது. 1964 ஏப்ரலில் மக்கள் செயல் கட்சி பதிலுக்குத் தீபகற்பத்தில் வந்து தேர்தலில் நின்றது. கிடைத்தது பங்சார் தொகுதி ஒன்றுதான். அதில் வென்றவர் தேவன் நாயர். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரானவர். கிடைத்த இடம் ஒன்று என்றாலும், ஒருவர் தோட்டத்தில் மற்றவர் கால் வைத்தாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் இனக் கலவரம். 1965 ஆகஸ்டு 9-இல் பிரிவினை.

பிரிந்த சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து நெகிரி செம்பிலானின் சிரம்பானில் வளர்ந்தவர். தான் வளர்ந்த ஊர் அந்நிய நாடாகிவிட, அந்த நாட்டோடு பேச்சு நடத்த வேண்டிய பொறுப்பு அவருக்கு வந்தது. அவருக்கு மட்டுமா? அக்காள் ஜோகூரில், தம்பி சிங்கப்பூரில் என்று இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் அதே கதிதான். 1967-இல் கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. அதுவரை பஸ் ஏறிப் போன அத்தை வீட்டுக்கு அதன் பிறகு முத்திரை குத்திக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

கட்சிகளுக்கிடையே தொடங்கிய பூசல், நாடுகள் பிரிந்ததும் நாட்டுப் பூசலாகப் பெயர் மாற்றிக்கொண்டது. பின்னால் வந்த ஒவ்வொரு தகராறிலும் இந்தப் பழைய வாடை வீசிக்கொண்டே இருக்கிறது.

மூன்று சென் கணக்கு

பிரிவினை உடன்படிக்கையிலேயே உறுதி செய்யப்பட்ட ஒரு விஷயம் தண்ணீர். 1961-இல் ஓர் ஒப்பந்தம், 1962-இல் மற்றொன்று. முதல் ஒப்பந்தம் 2011 ஆகஸ்டு 31-இல் முடிந்துவிட்டது. கூனோங் பூலாய், ஸ்கூடாய் நீர் ஆலைகளைச் சிங்கப்பூர் ஜோகூரிடம் காசு வாங்காமல் ஒப்படைத்தது. இரண்டாவது ஒப்பந்தம் 2061 வரை உண்டு. அதன்படி ஜோகூர் நதியிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். விலை, 1,000 கேலனுக்கு 3 சென். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜோகூர் 1,000 கேலன் 50 சென்னுக்குத் திரும்ப வாங்குகிறது.

மூன்று சென்! இன்றைக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது. ஜோகூர்க்காரருக்கு இதைக் கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சல் நியாயமானது. மறுபக்கம் சிங்கப்பூர் சொல்வதையும் கேட்க வேண்டும். 25 ஆண்டு கழித்து விலையை மறு ஆய்வு செய்ய ஒப்பந்தம் இடம் கொடுத்திருந்தது. 1987-இல் அந்த வாய்ப்பு வந்தபோது மலேசியத் தரப்பு அதைப் பயன்படுத்தவில்லை. சுத்திகரிக்க 50 சென்னைவிடப் பல மடங்கு செலவாகிறது என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பிலும் சரக்கு இருக்கிறது. கணக்குப் பிள்ளைகளும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்து பேசினால் பேசித் தீர்க்கலாம். பின் ஏன் தீரவில்லை?

1988-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு விளக்கம் தருகிறது. நாடுகளுக்கிடையே பேச்சு நடத்துகிற தலைவர் ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் விளையாடுகிறார் என்றார் அவர். ஒரு மேசையில் எதிர்நாட்டுத் தலைவர். இன்னொரு மேசையில் சொந்தக் கட்சி, எதிர்க்கட்சி, வாக்காளர். முதல் மேசையில் புத்திசாலித்தனமாகத் தெரிகிற ஒரு காய் நகர்த்தல், இரண்டாவது மேசையில் தலையையே பறித்துவிடலாம். தண்ணீர் விலையில் ஒரு சென் விட்டுக்கொடுத்தால் 'நாட்டை விற்றவன்' என்ற பெயர். ஒரு சென் கூட்டிக் கொடுத்தால் அக்கரையில் 'பணிந்தவன்' என்ற பெயர். இரண்டு பேரும் எழுந்து போவதுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு!

தேதிகள் சொல்லும் சேதி

1986 நவம்பர். இஸ்ரேல் அதிபர் சயிம் ஹெர்சோக் சிங்கப்பூருக்கு வந்தார். மலேசியாவில் பெரும் எதிர்ப்பு. தூதரைக் கோலாலம்பூர் திரும்ப அழைத்துக்கொண்டது. தண்ணீரை நிறுத்து என்ற குரல்கள் எழுந்தன. பாலஸ்தீன மக்கள் மீதான பரிவு மலேசியாவில் ஆழமானது. அதை யாரும் நாடகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அம்னோவுக்குள் என்ன நடந்தது? ஐந்தே மாதத்தில், 1987 ஏப்ரல் 24-ஆம் தேதி, டாக்டர் மகாதீருக்கும் தெங்கு ரசாலிக்கும் தலைவர் பதவிப் போட்டி. 761-க்கு 718. வெறும் 43 வாக்கில் மகாதீர் தப்பினார். கட்சி இரண்டாகப் பிளந்து நின்ற அந்த நாட்களில், அண்டை நாட்டிடம் மென்மையாகப் பேச யாருக்குத் துணிவு வரும்?

மறு ஆண்டு நிலைமை மாறியது. பிடி இறுகிய மகாதீர், 1988 ஜூன் 28-ஆம் தேதி லீ குவான் இயூவோடு தண்ணீர் குறித்துப் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 1990-இல் லிங்கியு அணைக்கான ஒப்பந்தம் வந்தது. அதே மனிதர்கள், அதே நதி. உள்வீடு அமைதியானதும் கை நீண்டது.

சிங்கப்பூர் மட்டும் இதற்கு விதிவிலக்கா? இல்லை. 1997 ஜனவரி 2-இல் அங்கே பொதுத் தேர்தல். செங் சான் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சிக்காக நின்ற தாங் லியாங் ஹோங்கோடு ஆளுங்கட்சிக்குக் கடும் மோதல். தேர்தல் முடிந்ததும் அவர் மீது அவதூறு வழக்குகள். அவர் ஜோகூர் பாருவுக்குப் போய்விட்டார். அந்த வழக்கில் தாக்கல் செய்த சத்தியப் பிரமாணத்தில் லீ குவான் இயூ, ஜோகூர் பாரு துப்பாக்கிச் சூட்டுக்கும் வழிப்பறிக்கும் பேர்போன இடம் என்ற பொருளில் எழுதினார். விஷயம் வெளியே வந்ததும் ஜோகூர் கொதித்தது. கடைசியில் லீ மன்னிப்புக் கேட்டு, அந்த வாசகத்தை நீக்கினார். முழுக்க முழுக்கச் சிங்கப்பூரின் உள்வீட்டுச் சண்டை. அதில் பறந்த பொறி விழுந்தது ஜோகூர் கூரையில்.

அடுத்த ஆண்டு இன்னும் துல்லியமான சான்று. 1998 செப்டம்பர் மாதத்து நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். 2-ஆம் தேதி துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கம். 16-ஆம் தேதி சிங்கப்பூரில் லீ குவான் இயூவின் நினைவுக் குறிப்பு நூல் வெளியீடு. பிரிவினைக் காலத்துப் புண்களை அது மறுபடி கீறியது. 18-ஆம் தேதி சிங்கப்பூர்ப் போர் விமானங்கள் மலேசிய வானில் பறக்கத் தடை. 20-ஆம் தேதி அன்வார் கைது. பொருளாதார நெருக்கடியின் உச்சம் வேறு. குடிநுழைவு நிலையத்தை எங்கே வைப்பது என்ற ரயில் தகராறும் அப்போதே முற்றியது. தேதிகள் அருகருகே இருப்பதால் மட்டும் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் வீட்டுக்குள் இவ்வளவு சூடு இருக்கும்போது வாசலில் வந்த சிறு வார்த்தைக்கும் பெரிய பதில் கிடைக்கிறது என்பதை மறுக்க முடியுமா?

வளைந்த பாலமும் நேரான கேள்வியும்

2002, 2003-ஆம் ஆண்டுகளில் தண்ணீர்ப் பேச்சு முறிந்தது. மலேசியா கேட்ட விலை 60 சென், 3 ரிங்கிட், 6 ரிங்கிட் 25 சென் என்று ஏறிக்கொண்டே போனது. இரகசியக் கடிதங்களைச் சிங்கப்பூர் பகிரங்கமாக வெளியிட்டது. மலேசியா பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. எதிர்த்தரப்பை இணங்க வைக்கக் கடிதம் எழுதலாம். சொந்த வாக்காளரை இணங்க வைக்கத்தான் விளம்பரம் போடுவார்கள்.

பிறகு வந்தது வளைந்த பாலம். கடற்பாலத்தின் தன் பாதியை மட்டும் இடித்துவிட்டு, கப்பல் போகும்படி வளைவாகக் கட்டுவது மகாதீரின் திட்டம். அவருக்குப் பின் வந்த அப்துல்லா படாவி சிங்கப்பூரோடு பேசினார். மணல் விற்க வேண்டும், ஆகாய எல்லையை மீண்டும் திறக்க வேண்டும் என்பன சிங்கப்பூரின் கோரிக்கைகள். மணல் தரக்கூடாது என்று உள்நாட்டில் எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2006 ஏப்ரல் 12-ஆம் தேதி பாலத் திட்டத்தையே அப்துல்லா கைவிட்டார். அதன் பிறகு அந்தப் பாலம், தனக்குப் பின் வந்தவர் மீது மகாதீர் தொடுத்த தாக்குதலின் முக்கிய ஆயுதமாயிற்று. பாலம் கட்டப்படவே இல்லை. ஆனால் அம்னோவுக்குள் அதன் மேல் எத்தனையோ பேர் நடந்து போனார்கள்.

ஜோகூரில் இது எடுபடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. அம்னோ பிறந்ததே 1946 மே 11-இல் ஜோகூர் பாருவில்தான். அந்தக் கட்சியின் கோட்டை என்று நெடுங்காலம் பேர் எடுத்த மாநிலம். நிலமும் நீரும் அரசியலமைப்புப்படி மாநிலத்தின் உரிமைகள். ஆகவே அண்டை நாட்டோடு எந்தத் தகராறு வந்தாலும், கோலாலம்பூரில் ஒரு குரல், ஜோகூரில் ஒரு குரல் என்று இரண்டு குரல் கேட்கும். யார் குரல் உரத்தது என்று காட்டவும் ஒரு போட்டி நடக்கும்.

கற்பாறையின் அரசியல்

கோத்தா திங்கி கரைக்கு அப்பால் பத்து பூத்தே தீவு. ஒரு கால்பந்துத் திடல் அளவு பாறை, அதன் மேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். 1979-இல் மலேசியா வெளியிட்ட வரைபடத்தில் அது மலேசிய எல்லைக்குள் இருந்தது. 1980-இல் சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது. வழக்கு அனைத்துலக நீதிமன்றம் வரை போனது. 2008 மே 23-ஆம் தேதி 12-க்கு 4 என்ற கணக்கில் தீவு சிங்கப்பூருக்கே என்று தீர்ப்பு. அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கு. தீவின் மீது ஜோகூர் உரிமை கோரவில்லை என்று 1953-இல் ஜோகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் எழுதிய ஒரு கடிதம் அந்தத் தீர்ப்பில் பெரும் பங்கு வகித்தது. ஒரு குமாஸ்தா மேசையில் எழுதப்பட்ட சில வரிகள், 55 ஆண்டு கழித்து ஒரு தீவின் விதியை எழுதின.

இரு நாடுகளும் தீர்ப்பை ஏற்றன. அத்தோடு முடிந்ததா? 2017 பிப்ரவரியில் நஜிப் அரசாங்கம் மறு ஆய்வு மனு போட்டது. மறு ஆய்வுக்கான பத்தாண்டு கெடு 2018 மே மாதம் முடிய இருந்தது என்பது சட்டக் காரணம். அந்தப் பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த காரணம். 2018 மே 9-இல் ஆட்சி மாறியது. அதே மாதக் கடைசியில், விசாரணை தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது, புதிய மகாதீர் அரசாங்கம் மனுவை மீட்டுக்கொண்டது. 2024-இல் அன்வார் ஆட்சியில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த அறிக்கை, மனுவை மீட்டது தொடர்பாக மகாதீர் மீது குற்ற விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார்.

கவனியுங்கள். மனு போட்டவர் ஒருவர், மீட்டவர் ஒருவர், விசாரித்தவர் ஒருவர். மூவரும் மலேசியாவின் பிரதமர்கள். பாறை அக்கரையில் இருக்கிறது. பந்தயம் இக்கரையிலேயே நடக்கிறது.

சருகுமான் சாகும் சண்டை

யானையும் யானையும் மோதினால் நடுவில் நிற்கும் சருகுமான்தான் சாகும் என்று மலாயில் ஒரு பழமொழி. இந்தச் சண்டைகளில் சருகுமான் யார்?

2018-இல் ஆட்சி மாறியதும் தண்ணீர் விலை மீண்டும் மேடையேறியது. அக்டோபரில் மலேசியா ஜோகூர் பாரு துறைமுக எல்லையை விரித்தது; டிசம்பரில் சிங்கப்பூரும் பதிலுக்கு விரித்தது. 2019 ஜனவரியில் ஜோகூர் மந்திரி பெசார் சர்ச்சைக்குரிய நீர்ப்பகுதியில் நின்ற கப்பலுக்கே நேரில் போய் வந்தார். உடனே இரு நாட்டு அமைச்சர்கள் கூடவிருந்த இஸ்கந்தார் மலேசியா கூட்டத்தைச் சிங்கப்பூர் ஒத்திப் போட்டது. ஏப்ரலில் இரு தரப்பும் பழைய எல்லைக்கே திரும்பின. ஆறு மாதத்துச் சத்தத்தின் விளைவு, புறப்பட்ட இடம்.

ஆனால் இடையில் நின்ற வேலைகள் நின்றவைதான். 2018 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர் பாரு - சிங்கப்பூர் ரயில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2020 ஜூலையில்தான் திருத்திய ஒப்பந்தத்தோடு உயிர் பெற்றது. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லத் திட்டமிட்ட ரயில் அது. கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயில் 2021 பிறந்தபோது செத்தே போனது. மலேசியா கொடுத்த நட்ட ஈடு 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. அது யார் பணம்? வரி கட்டுகிறவர் பணம். ரயில் தாமதமான ஒவ்வொரு நாளும் யார் நேரம்? நாலு மணிக்கு எழுந்து போகிறவரின் நேரம்.

இதே கதையைத் தமிழர்கள் வேறொரு கடலிலும் பார்த்திருக்கிறார்கள். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த உடன்படிக்கையில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. தமிழ்நாட்டில் தேர்தல் வரும்போதெல்லாம் அந்தத் தீவும் கரையேறி வருகிறது. 2024 இந்தியப் பொதுத் தேர்தலின்போது பிரதமரே அதைப் பேசினார். தேர்தல் முடிந்ததும் தீவு திரும்பிப் போய்விடுகிறது. மிஞ்சுவது, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையில் இருக்கும் ராமேசுவரத்து மீனவரும், இழுவைப் படகில் வலை அறுபட்டு நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவரும். இரண்டு பேரும் பேசுவது ஒரே தமிழ்.

நல்ல காலத்தில் போட்ட முடிச்சு

அப்படியானால் எல்லாமே நாடகமா? இல்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். தண்ணீர் விலை உண்மையான பிரச்சினை. 2016-இல் லிங்கியு அணையின் நீர்மட்டம் ஐந்தில் ஒரு பங்காக இறங்கியபோது இரு கரையிலும் கவலை வந்தது. வறட்சிக் காலத்தில் ஜோகூரே கூடுதலாகச் சுத்திகரித்த நீரைச் சிங்கப்பூரிடம் கேட்டு வாங்கியது. 2061-க்குப் பிறகு என்ன என்ற கேள்வியும் உண்மையானது. உள்நாட்டு அரசியல் பிரச்சினையை உண்டாக்குவதில்லை. எந்த நேரத்தில் அதைத் தூக்குவது, எவ்வளவு உரக்கக் கத்துவது, எப்போது தீர்க்காமல் விடுவது என்பதைத்தான் அது முடிவு செய்கிறது.

ஆகவே தீர்வும் அங்கேதான் இருக்கிறது. உள்வீடு அமைதியாக இருக்கும்போது முடிச்சைப் போட்டு, அதை எழுத்தில் பூட்டிவிட வேண்டும். இதற்கு நல்ல சான்று தஞ்சோங் பாகார் ரயில் நிலையம். 20 ஆண்டு இழுத்த தகராறு. 2010 மே மாதம் நஜிப்பும் லீ சியன் லூங்கும் நிலத்துக்கு நிலம் என்று முடித்தார்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதி கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராகிமே ஓட்டி வந்தார். அந்த நிலத்துக்கான மேம்பாட்டு வரி பற்றி மட்டும் ஒரு வாதம் மிஞ்சியது. நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். 2014-இல் தீர்ப்பு மலேசியத் தரப்புக்குச் சாதகமாக வந்தது, சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டது. விளம்பரம் இல்லை, ஊர்வலம் இல்லை. பலருக்கு அப்படி ஒரு வழக்கு நடந்ததே தெரியாது. தகராறு தீர்வதற்கு அடையாளம் அதுதான்.

2025 ஜனவரி 7-ஆம் தேதி ஜோகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. இதுவும் அமைதி நேரத்து முடிச்சு. ஆனால் தேர்தல்கள் வரும், ஆட்சிகள் மாறும், கட்சிகள் பிளக்கும். மறுபடியும் ஏதோ ஒரு பாறை, ஏதோ ஒரு பாலம் மேடையேறும்.

அந்த நாள் வரும்போது நேயர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். முதலாவது: இந்த விஷயம் நேற்றும் இருந்தது, இன்று மட்டும் ஏன் எழுகிறது? அதைத் தூக்குகிறவரின் கட்சியில் இந்த மாதம் என்ன நடக்கிறது? இரண்டாவது: எழுத்தில் இருப்பது என்ன? ஒப்பந்தமும் தீர்ப்பும் உண்மையில் என்ன சொல்கின்றன? மூன்றாவது: இதற்கு விலை கொடுக்கப் போகிறவர் யார்? இந்தக் கேள்விகளைச் சொந்த நாட்டுத் தலைவரிடம் கேட்பது தேசத் துரோகம் ஆகாது. ஒருவர் நியாயமான உரிமையைக் கேட்கிறாரா, கைதட்டலைக் கேட்கிறாரா என்று பிரித்துப் பார்ப்பது குடிமகனின் கடமை.

2020 மார்ச் 18-ஆம் தேதி கடற்பாலம் அடைபட்டபோது, அது யாருடைய பகையாலும் நடக்கவில்லை, நோயால் நடந்தது. ஆனாலும் எல்லை மூடினால் என்ன ஆகும் என்பதை அன்று எல்லாரும் கண்டார்கள். அக்கரையில் தங்கிவிட்ட தகப்பன் பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்தான். இக்கரையில் வேலை இழந்தவர் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்தார். பிறந்த குழந்தையை மாதக்கணக்கில் தூக்கிப் பார்க்காதவர்கள் இருந்தார்கள். 2022 ஏப்ரல் 1-இல் எல்லை முழுதாகத் திறந்தபோது, நள்ளிரவிலேயே பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்தன.

நாளை விடியற்காலை நாலு மணிக்கும் அவை ஓடும். கோலாலம்பூரில் எந்தக் கட்சி பிளந்தது, சிங்கப்பூரில் யார் என்ன பேசினார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவர்கள் காதில் விழாது. பாலம் திறந்திருக்கிறதா, வரிசை எவ்வளவு நீளம் என்பதுதான் அவர்கள் கேள்வி. இரண்டு தலைநகரங்களிலும் மேசையில் உட்காருகிறவர்கள், மூன்றாவதாக இந்த மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்தால், பாதிச் சண்டை தொடங்காமலே போய்விடும்.